மணி அடிக்கவில்லை: மின்கட்டமைப்பும் நாம் நம்பிய இயந்திரங்களும்

கரண்ட் போனவுடன் எங்கட ஊர்களில் எல்லாரும் செய்கிற முதல் வேலை, பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுதான். அங்கேயும் இருட்டு என்றால் ஒரு சின்ன ஆறுதல். பிழை எங்கட வீட்டில் இல்லை, 'அவங்கள்' பார்த்துக்கொள்வாங்கள். இந்த 'அவங்கள்' யார் என்று நாங்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பொறியியலாளர், கம்பத்தில் ஏறும் லைன்மேன் ஆகியோரின் முகங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் எடுக்கப்படும் முடிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை எடுப்பது மனிதர்கள் இல்லை. ரிலேக்களும், கணினி நிரல்களும், கூரையில் இருக்கும் சோலாரோடு பூட்டிய இன்வேர்ட்டர்களும்தான் அவற்றை எடுக்கின்றன.

இந்த இயந்திரங்களிடம் முடிவெடுக்கும் பொறுப்பு எப்படிப் போனது? அவற்றை நம்பலாம் என்று எப்படித் தீர்மானித்தோம்? அந்த நம்பிக்கை எங்கெங்கே உடைந்தது? இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்க விரும்புவது இதைத்தான்.

இரண்டு இரும்புக் குண்டுகள்

முதலில் ஒரு அடிப்படை. மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டையில் கட்டி வைத்துவிட்டுத் தேவைப்படும்போது எடுக்க முடியாது. மின்கலங்கள் இருக்கின்றனதான், ஆனால் ஒரு நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் அவை இன்னும் சிறியவை. அதனால் எந்தக் கணத்திலும் உற்பத்தியாகும் அளவும் பாவிக்கப்படும் அளவும் சமமாக இருக்கவேண்டும். சைக்கிளில் போகும்போது கரியரில் திடீரென்று ஒருத்தர் ஏறினால் பெடல் கனக்கும், வேகம் குறையும். அதே வேகத்தில் போகவேண்டுமென்றால் கூட மிதிக்கவேண்டும். ஆள் இறங்கினால் மிதிப்பதைக் குறைக்கவேண்டும். மின்கட்டமைப்பில் இந்த வேகத்துக்குப் பெயர் மீடிறன், பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே மீடிறன்தான். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 60.

வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் இயந்திரம் மின்சாரத்தைவிடப் பழையது. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தில் ஒரு 'கவர்னர்' பொருத்தினார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், நீராவி வரும் வழி சுருங்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். பக்கத்தில் நின்று யாரும் திருகத் தேவையில்லை. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இந்தக் கவர்னர்களைப் பற்றி ஒரு கணிதக் கட்டுரையே எழுதினார். இப்படிப்பட்ட கருவி எப்போது அமைதியாக வேலைசெய்யும், எப்போது ஆட்டம் கண்டு குழம்பும் என்பதுதான் அவருடைய கேள்வி. 'இந்த இயந்திரத்தை நம்பலாமா' என்ற கேள்வியைச் சமன்பாடாக எழுதிய முதல் முயற்சிகளில் ஒன்று அது.

1882இல் நியூயோர்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் தொடங்கியபோது அது நகரத்தின் ஒரு சின்னப் பகுதிக்குத்தான் கரண்ட் கொடுத்தது. பிழை வந்தாலும் அந்தப் பகுதியோடு முடிந்துவிடும். பிறகு நிலையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, நகரங்கள் இணைந்தன, நாடுகளும் இணைந்தன. இணைப்பில் பெரிய நன்மை உண்டு. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் நன்மை ஓடிவரும் அதே கம்பியால்தான் தீமையும் ஓடிவரும்.

ஒரு ரிலே, 3 கோடி மக்கள்

அந்தத் தீமை 1965 நவம்பர் 9, மாலை 5.16க்கு வந்தது. கனடாவின் ஒன்ராறியோவில், நயாகராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சேர் அடம் பெக் இரண்டாம் மின்நிலையத்தில் ஒரு பாதுகாப்பு ரிலே இயங்கியது. ரிலேயின் வேலை ஒரு காவல்காரனுடையது. கம்பியில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் போனால் கேட்டுக்கேள்வி இல்லாமல் அந்தக் கம்பியைத் துண்டித்துவிடும். எந்த அளவில் துண்டிக்கவேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். அந்த அளவைச் சில வருடங்களுக்கு முன்னர் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ரொறொன்ரோப் பக்கம் மின்தேவை வளர்ந்துவிட்டது, ரிலேயின் அளவை யாரும் மாற்றவில்லை. அன்றைக்குப் போனது வழமையான சுமைதான். ரிலே அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டது.

ஒரு கம்பி போனதும் அதன் சுமை மற்ற நான்குக்கும் ஏறியது, அவையும் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டன. போக வழியில்லாத மின்சாரம் எதிர்ப்பக்கம் திரும்பி நியூயோர்க் மாநிலத்துக்குள் பாய்ந்தது. நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இருட்டில். சில இடங்களில் 13 மணிநேரம்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. ரிலே பழுதாகவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை அச்சொட்டாகச் செய்தது. சொல்லி வைத்தது காலாவதியாகிவிட்டது என்பதுதான் பிழை. தானாக முடிவெடுக்கும் எந்த இயந்திரமும் யாரோ ஒருவர் எப்போதோ எடுத்த முடிவைத்தான் இன்றைக்கு நிறைவேற்றுகிறது.

கணினிக்கு ஒரு கண் கொடுத்தார்கள்

1965க்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. 1968இல் வட அமெரிக்க மின் நிறுவனங்கள் சேர்ந்து நம்பகத்தன்மையைக் கவனிக்க ஒரு பேரவை அமைத்தன. அடுத்தது, கட்டுப்பாட்டு அறைகளுக்குள் கணினி வந்தது. அதுவரை சுவரில் வரைந்த வரைபடமும் தொலைபேசியும்தான் பெரும்பாலும் கைகொடுத்தன.

எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் பிரெட் ஷ்வெப்பே 1970இல் ஒரு வழியைச் சொன்னார். நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து அளவீடுகள் வருகின்றன, அவற்றில் சில பிழையாக இருக்கும், சில வராமலே போகும். ஆனாலும் மின்சாரம் பௌதிக விதிகளுக்குக் கட்டுப்பட்டது, ஒரு அளவீடு மற்றதோடு ஒத்துப்போகவேண்டும். அப்படிப் பொருத்திப் பார்த்து, கட்டமைப்பு முழுவதும் இந்தக் கணம் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினியால் மதிப்பிடலாம். இதை 'நிலை மதிப்பீடு' என்பார்கள். இன்றைக்கும் உலகின் பெரிய கட்டுப்பாட்டு அறைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

இதே ஷ்வெப்பே 1970களின் இறுதியில் இன்னொரு யோசனையையும் வைத்தார். எல்லா முடிவையும் ஒரு மையத்தில் ஏன் எடுக்கவேண்டும்? வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே மீடிறனைக் கவனிக்கட்டும். மீடிறன் விழுந்தால் கொஞ்ச நேரம் தானாக நின்று கட்டமைப்புக்கு உதவட்டும். உடம்பு தன் வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்வதுபோல, கட்டமைப்பும் தன் கடைசி நுனிவரை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவேண்டும். இப்போது 'ஸ்மார்ட் கிரிட்' என்று பேசப்படுவதின் விதை இதிலேயே இருக்கிறது.

2003 ஆகஸ்ட் 14

இனி இந்தக் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அக்ரன் நகரில், ஃபேர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. வெக்கையான பின்னேரம், எயார் கண்டிஷன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1.31க்கு ஈஸ்ட்லேக்கில் ஒரு மின்பிறப்பாக்கி நின்றுபோனது. அது சமாளிக்கக்கூடியதுதான்.

2.14க்கு, அறையில் இருந்த கணினித் தொகுதியின் எச்சரிக்கைச் செயலி உறைந்தது. கம்பி துண்டிக்கப்பட்டாலோ வோல்ற்றளவு விழுந்தாலோ மணி அடித்து, திரையில் எழுதிக் காட்டவேண்டிய பகுதி அது. அது நின்றது. நின்றுவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. திரைகள் வழமைபோல எரிந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை ஒன்றும் வராததால், பிரச்சினை ஒன்றும் இல்லை என்றே பணியாளர்கள் நினைத்தார்கள்.

2.41க்கு பிரதான சேர்வர் விழுந்தது. இதற்காகவே வைத்திருந்த மாற்று சேர்வர் பொறுப்பை எடுத்தது. ஆனால் உறைந்துபோன அதே செயலியைத்தான் அதுவும் தூக்கிக்கொண்டது. 2.54க்கு அதுவும் விழுந்தது. திரையில் ஒரு படம் மாற ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தது. கணினிப் பிரிவினருக்கு விஷயம் தெரிந்து, 3.08க்கு சேர்வரை மீள இயக்கினார்கள். சேர்வர் எழும்பியது, எச்சரிக்கைச் செயலி எழும்பவில்லை. அது வேலைசெய்கிறதா என்று பக்கத்திலிருந்த கட்டுப்பாட்டு அறையிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 3.05க்கு 345 கிலோவோல்ற் கம்பி ஒன்று மரத்தில் உரசித் துண்டானது. தன் கொள்ளளவில் பாதியைக்கூட அது அப்போது சுமக்கவில்லை. கீழே மரத்தை வெட்டாமல் வளரவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 3.32க்கு இரண்டாவது கம்பி, அதுவும் மரத்தில்தான். 3.41க்கு மூன்றாவது. பக்கத்து நிறுவனங்களிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன: "உங்கட பக்கம் ஏதோ நடக்குது." அறையில் இருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், திரை ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் சொன்னதையும் இயந்திரம் சொல்லாததையும் எடைபோட்டு, இயந்திரத்தை நம்பினார்கள்.

மேலிருந்து கவனிக்கவேண்டிய இன்னொரு அமைப்பும் இருந்தது, இண்டியானாவில் இருந்த மிட்வெஸ்ட் ஐ.எஸ்.ஓ. அவர்களிடம் ஷ்வெப்பேயின் வழியில் வந்த நிலை மதிப்பீட்டுக் கருவி இருந்தது. அன்று மதியம் 12.15க்கு அதில் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு பகுப்பாய்வாளர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சரிசெய்வதற்காக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் அமைப்பை நிறுத்தியிருந்தார். திரும்பப் போட மறந்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். கண்டுபிடிக்கும்போது நேரம் 2.40ஐ நெருங்கியிருந்தது. கருவி முழுமையாகச் சரிவந்தது 4 மணி கடந்துதான்.

4.05.57க்கு சம்மிஸ்–ஸ்டார் என்ற கம்பி துண்டானது. அங்கே மரமும் உரசவில்லை, பழுதும் இல்லை. மின்னோட்டம் கூடி வோல்ற்றளவு விழுந்திருந்ததைப் பார்த்து, தூரத்தில் எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்று ரிலே முடிவெடுத்தது. 1965இன் காவல்காரன் மறுபடியும் வந்துவிட்டான். அதற்குப் பிறகு மனிதர் யாரும் எதுவும் செய்யக்கூடிய நேரம் இருக்கவில்லை. ஏழு எட்டு நிமிடங்களில் 508 மின்பிறப்பாக்கிகள் நின்றன. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் ஒன்ராறியோவிலும் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை.

அமெரிக்க–கனடா கூட்டு விசாரணைக்குழு பின்னர் சொன்னது இது: சம்மிஸ்–ஸ்டார் போவதற்கு முன்னர் கிளீவ்லண்ட்–அக்ரன் பகுதியில் ஏறத்தாழ 1,500 மெகாவாற் சுமையை வேண்டுமென்றே துண்டித்திருந்தால் மீதியைக் காப்பாற்றியிருக்க முடியும். அதாவது ஒரு நகரத்தை இருட்டாக்கி ஐந்து கோடிப் பேரைக் காப்பாற்றும் முடிவு. அப்படி ஒரு முடிவை எடுக்க முதலில் ஆபத்து தெரியவேண்டும். தெரியவில்லை.

எச்சரிக்கைச் செயலி ஏன் உறைந்தது? நிரலைப் பல வாரங்கள் தோண்டித்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே கணக்குக் கொப்பியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? அதேபோல நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே தரவை ஒரே கணத்தில் மாற்றப் போயிருக்கின்றன. தரவு குழம்பி, செயலி முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்டது. மிக அரிதாக, குறிப்பிட்ட சில நிகழ்வுகள் கூடிவரும்போது மட்டும் நடக்கும் பிழை. சோதித்தபோதெல்லாம் ஒழுங்காக ஓடிய நிரல்தான் அது.

அதுவரை நம்பகத்தன்மை விதிகளைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பமாகவே இருந்தது. 2005இல் அமெரிக்கா சட்டம் போட்டு அவற்றைக் கட்டாயமாக்கியது.

தானாக நகர்ந்த மவுஸ்

2003இல் இயந்திரம் பேசாமல் இருந்தது. 2015 டிசம்பர் 23இல், உக்ரைனின் மேற்குப் பகுதியில், இயந்திரம் வேறு யாருக்கோ கீழ்ப்படிந்தது. மின்விநியோக நிறுவனம் ஒன்றில் பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் குறி தானாக நகர்ந்து, உபமின் நிலையங்களின் சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. மாதங்களுக்கு முன்னர் மின்னஞ்சலில் வந்த கோப்பு ஒன்றின் வழியாக ஊடுருவியவர்கள் அன்று மூன்று நிறுவனங்களைத் தாக்கினார்கள். ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. வாடிக்கையாளர் அழைக்கும் தொலைபேசி இணைப்புகளையும் பொய் அழைப்புகளால் நிரப்பிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றிலிருந்து ஆறு மணிநேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. ஆக்கள் வாகனத்தில் ஏறி உபமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் சுற்றுடைப்பான்களை மூடினார்கள். அந்தக் கட்டமைப்பில் கைக்கு இன்னும் இடம் இருந்தது. முழுவதும் தன்னியக்கமாகி, கையால் இயக்கத் தெரிந்தவர் யாரும் மிஞ்சாத ஒரு கட்டமைப்பில் இது எப்படி முடிந்திருக்கும் என்ற கேள்வியைப் பாதுகாப்பு நிபுணர்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில்

இன்னொரு வகையான ஆபத்து ஜேர்மனியில் நடக்காமலே தடுக்கப்பட்டது. அங்கே கூரைச் சோலார் குறைவாக இருந்த காலத்தில் ஒரு விதி எழுதினார்கள்: மீடிறன் 50.2 ஹேர்ட்ஸைத் தாண்டினால் சோலார் இன்வேர்ட்டர் உடனே தன்னைத் துண்டிக்கவேண்டும். நூறு வீட்டில் இருக்கும்போது நல்ல விதி. லட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்தபிறகு? ஒரு வெயில் நாளில் மீடிறன் 50.2ஐத் தொட்டால் அத்தனை இன்வேர்ட்டர்களும் ஒரே நொடியில் நிற்கும். ஐரோப்பியக் கட்டமைப்பு தாங்கத் தயாராக வைத்திருந்த திடீர் இழப்பு 3,000 மெகாவாற், இது அதைவிடப் பல மடங்கு. தனித்தனியாகப் பார்த்தால் எந்த இன்வேர்ட்டரிலும் பிழை இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே முடிவை ஒரே கணத்தில் எடுப்பதுதான் பிழை.

2012இல் ஜேர்மனி இதற்கென்று ஒரு சட்டவிதியைக் கொண்டுவந்து, 10 கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 315,000 சோலார் தொகுதிகளின் அமைப்பை மாற்றத் தொடங்கியது. சடுதியாக நிற்காமல் படிப்படியாகக் குறையும்படி செய்தார்கள். விபத்து வரும்வரை காத்திருக்கவில்லை என்பதால் இந்தக் கதை பலருக்குத் தெரியாது.

எங்கட பக்கம்

இலங்கையில் 2016 மார்ச், 2020 ஓகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர் என்று நாடு முழுக்க இருண்ட நாட்கள் எங்கட தலைமுறைக்குப் பழகிப்போனவை. 2025 பெப்ரவரி 9 மட்டும் உலகச் செய்தியானது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்னார். அன்றைக்கு மீம் போடாதவர் குறைவு.

குரங்கு உண்மையாகவே இருக்கட்டும். ஒரு உபமின் நிலையத்தில் வந்த அதிர்வை ஒரு நாட்டின் கட்டமைப்பு ஏன் தாங்கவில்லை என்பதுதான் கேள்வி. மின்சார சபை பிறகு கொடுத்த விளக்கத்தில் அதற்கான பதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு, நல்ல வெயில். உற்பத்தியில் பெரும் பங்கு சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் கனமான சில்லுகளுக்குச் சடத்துவம் உண்டு, அதிர்ச்சி வந்தாலும் கொஞ்ச நேரம் அதே வேகத்தில் சுழன்று அவகாசம் வாங்கித்தரும். சாதாரண சோலார் இன்வேர்ட்டரில் சுழல எதுவும் இல்லை. சடத்துவம் குறைந்தால் மீடிறன் சடாரென்று விழும், முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கும். அன்று நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றதால் அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு மக்களிடம் சபை கேட்டுக்கொண்டது. ஆயிரக்கணக்கான சின்ன இயந்திரங்களோடு பேச வேறு வழி இல்லாததால், அவற்றின் சொந்தக்காரர்களிடம் செய்தி மூலம் பேசவேண்டி வந்தது.

இதைச் சோலாருக்கு எதிரான கதையாக எடுக்கக்கூடாது. அதிர்வைத் தாங்கிப் பிடிக்கும்படி அமைக்கப்பட்ட இன்வேர்ட்டர்களும், நொடிக்குள் ஈடுகொடுக்கும் மின்கலங்களும் உலகில் இருக்கின்றன. தென் அவுஸ்திரேலியா 2016இல் மாநிலம் முழுக்க இருண்டபிறகு, 2017இல் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாற் மின்கலத்தை அமைத்து அந்த வழியில் போனது. எங்கட எழுவைதீவிலும் காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கையும் ஒன்றாகச் சமாளிக்கும் சின்னக் கலப்புமுறைக் கட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். காற்று விழுந்தால் மின்கலம், அது இறங்கினால் டீசல் என்று தானாக மாற்றும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவிதான் இப்படியான இடங்களில் 'அவங்கள்'. தேசிய மின்கட்டமைப்பிலிருந்து போர்க்காலத்தில் நீண்டகாலம் துண்டிக்கப்பட்டிருந்த எங்கட குடாநாட்டுக்கு, தனித்து நின்று தன்னைத்தானே ஓட்டும் கட்டமைப்பின் அருமை சொல்லி விளங்கவேண்டியதில்லை.

ஆகவே இயந்திரத்தை நம்பலாமா வேண்டாமா என்று கேட்பதில் பயன் இல்லை. மில்லிசெக்கன்களில் எடுக்கவேண்டிய முடிவை மனிதரால் எடுக்க முடியாது, இயந்திரம்தான் எடுக்கவேண்டும். எப்படிப்பட்ட இயந்திரத்தை என்பதைத்தான் இந்த வரலாறு சொல்லித்தருகிறது. தான் செத்துவிட்டால் அதையும் உரத்துச் சொல்லும் இயந்திரம். எப்போதோ குறித்த அளவை இப்போதும் பொருந்துமா என்று யாராவது திரும்பிப் பார்க்கும் இயந்திரம். மையத்தோடு தொடர்பு அறுந்தாலும் தன் சின்ன எல்லைக்குள் பத்திரமாக நடந்துகொள்ளும் இயந்திரம். கடைசியில் ஒரு ஆள் போய்க் கையால் நிறுத்தவும் தொடங்கவும் கூடிய இயந்திரம்.

இவற்றில் எதுவும் தானாக வராது, கேட்டால்தான் வரும். 2003 பற்றி மேலே நாங்கள் நிமிடக் கணக்கில் எழுத முடிந்ததற்குக் காரணம், அந்த விசாரணை அறிக்கை யாரும் வாசிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டதுதான். எந்தச் செயலி எத்தனை மணிக்கு நின்றது, யார் சாப்பிடப் போனார், எந்த மரம் வெட்டப்படவில்லை என்பதுவரை அதில் இருக்கிறது. இலங்கையில் அடுத்த முறை நாடு இருளும்போது எங்களுக்கும் அப்படி ஒரு அறிக்கை வேண்டும். மூன்று மொழியிலும், நிமிடத்துக்கு நிமிடம். குரங்கின் பெயரோடு அது முடியக்கூடாது.